பச்சை விளக்கு எரியும் வரை

காட்டுப்பாக்கத்தில் கரண்ட் போனால் முதல் போன் எனக்குத்தான் வரும்.

"எழிலரசிம்மா, உங்க லிப்ட் மறுபடியும் நின்னுடுச்சு" என்பார் தட்சிணாமூர்த்தி. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். அந்த 'உங்க'வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். லிப்ட் எல்லா வீட்டுக்கும் பொது. ஓடுகிற வரை அது சங்கத்தின் லிப்ட், நின்றுவிட்டால் மட்டும் என்னுடையது.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில், லிப்ட்டுக்கான கன்ட்ரோல் போர்டு தயாரிக்கும் சின்ன கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். போர்டுக்குள் ஓடும் கர்னல் என்கிற அடித்தள மென்பொருளைக் கவனிப்பது என் வேலை. குடியிருப்பின் பழைய போர்டு செத்துப்போனபோது, பொதுக்கூட்டத்தில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். சும்மா இருந்திருக்கலாம். "எங்க கம்பெனி போர்டே போடலாமே" என்று வாயைக் கொடுத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு குத்துதே குடையுதே என்று சொல்லி என்ன பயன்?

போர்டு நல்ல போர்டுதான். பிரேக், கதவு, கயிறு எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு வேறு சர்க்யூட்டில் தனியாக இருக்கிறது. யார் எந்த மாடியில் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு லிப்டுக்குச் சொல்வதுதான் எங்கள் போர்டின் வேலை. அதை ஒழுங்காகவே செய்யும், கரண்ட் போகாத வரைக்கும். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்ததும் போர்டு விழித்துக்கொள்ளும், பாதி விழித்த நிலையில் அப்படியே உறைந்துவிடும். வாட்ச்மேன் வேம்புலி மொட்டை மாடிக்குப் போய் சுவிட்சை அணைத்துப் போட்டால் மறுபடி ஓடும்.

"சுச்ச ஆப் பண்ணி ஆன் பண்ணா ஓடுது. இதுக்கு இன்னாத்துக்கு மேடம் இஞ்சினீரு?" என்று வேம்புலி என்னைக் கேட்டார். "ஏறி எறங்கி என் முட்டி போச்சு."

மற்றவர்களுக்கு இது வெறும் எரிச்சல். முனகிக்கொண்டே படியில் இறங்கிப் போய்விடுவார்கள். ஐந்தாவது மாடி ஷாகிதாக்காவால் அப்படிப் போக முடியாது. சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு காலும் நடக்காது. வீட்டில் ஒரு சக்கர நாற்காலி, கீழே சைடு வீல் வைத்த ஸ்கூட்டர், பூந்தமல்லியில் அவர் கணக்கு டீச்சராக இருக்கும் பள்ளியில் இன்னொரு நாற்காலி. இந்த மூன்றையும் இணைப்பது லிப்ட் ஒன்றுதான். ஒருமுறை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கீழே வந்ததும் அக்கா சொன்னார்: "சாமி ஊர்வலம் இன்னிக்கோட முடிஞ்சிது. இனிமே எவனும் என்னைத் தூக்கக் கூடாது." அதன் பிறகு யாரும் தூக்கவில்லை.

மழை ஆரம்பித்த அந்தத் திங்கட்கிழமை காலையில் தட்சிணாமூர்த்தியின் போனை வைத்த கையோடு அக்காவின் போன் வந்தது.

"இன்னா எழிலு, உன் புள்ள இன்னும் எழுந்திருக்கலையா? நான் இங்க கதவாண்ட குந்திக்கினு கீறேன்."

"வேம்புலி மேல போறாருக்கா. அஞ்சு நிமிஷம்."

"அஞ்சு நிமிஷத்துல பெல் அடிச்சிடும். கரஸ்பாண்டென்ட் போன வாரமே கூப்ட்டு சொல்லிட்டாரு. இப்புடியே லேட்டா வந்துக்கினு இருந்தா டென்த்த வேற டீச்சர் கைல குடுத்துடுவேன்னு. பரிச்ச வர்ற நேரம் வேற."

பத்தாம் வகுப்பு என்றால் ஷாகிதாக்காவுக்கு உயிர். கணக்கில் ஃபெயில் ஆகும் என்று எழுதிவைத்த பிள்ளைகளை வருடா வருடம் கரையேற்றுகிறவர். மழை பெய்தால் எங்கள் பகுதியில் கரண்ட் போவது தினசரி வழக்கம். இந்தச் சனியனைச் சரி செய்யாவிட்டால் அந்த வகுப்பு அவர் கையை விட்டுப் போய்விடும். அவ்வளவுதான் விஷயம். அதை மனதில் போட்டுக்கொண்டுதான் வானகரம் நெரிசலில் ஸ்கூட்டியை நுழைத்து ஆபீஸ் போய்ச் சேர்ந்தேன்.

என் மேனேஜர் கஜபதி கதையைக் கேட்டுவிட்டு, வழக்கமான மருந்தையே எழுதிக் கொடுத்தார். "பட்டன் கார்டு முழிச்சுக்க டைம் எடுக்குது. டிலேயை இன்னும் ரெண்டு செகண்ட் ஏத்திவிடு எழில்."

"போன தடவையும் அதைத்தான் சார் பண்ணாங்க."

"அப்ப அது பத்தலைன்னு அர்த்தம்."

போர்டின் புரோகிராம் கோடைத் திறந்து பார்த்தால் நான்கு இடத்தில் 'கொஞ்சம் பொறு' என்று எழுதியிருந்தது. ஒவ்வொன்றையும் எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். லிப்ட் நின்றதாகப் புகார் வரும்போதெல்லாம் யாரோ ஒருவர் உள்ளே நுழைந்து, காத்திருக்கும் நேரத்தை ஏற்றிவிட்டு வெளியேறியிருக்கிறார். எங்கள் மேஜையில் நான் எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் போர்டு சமர்த்தாக எழுந்து பச்சை விளக்கைக் காட்டியது. ஆபீசில் நல்ல பிள்ளை, வீட்டுக்கு வந்தால் அடம். மண்டை காய்ந்து போனது.

அன்று மாலை வீடு திரும்பி லிப்டுக்காக நின்றேன். சொல்லி வைத்தாற்போல் கரண்ட் போனது. பக்கத்தில் தட்சிணாமூர்த்தி கையில் பால் பாக்கெட்டோடு நின்றிருந்தார். இருட்டில் டக் டக் டக் என்று ஒரு சத்தம் கேட்டது. செல்போன் வெளிச்சத்தைத் திருப்பிப் பார்த்தேன். மனிதர் லிப்ட் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தார். கரண்ட்டே இல்லை, அமுக்குகிறார். ஜெனரேட்டர் உறுமியது, விளக்கு எரிந்தது. அப்போதும் அமுக்குகிறார். நாலு தடவை அமுக்கினால் நாலு மடங்கு வேகமாக வரும் என்ற நம்பிக்கை போல.

"ஏன் சார் இப்படி அமுக்குறீங்க?"

"எல்லாரும்தான் அமுக்குவாங்க. கரண்ட் வந்துடுச்சுன்னு அதுக்குத் தெரிய வேணாமா?"

சிரிக்கப் போனவள் அப்படியே நின்றேன். ஆபீசில் எங்கள் சோதனை மேஜை மேல் ஒரு பலகை தொங்குகிறது: 'பச்சை விளக்கு எரியும் வரை எதையும் தொடாதே.' வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம் அது. இத்தனை வருடத்தில் எங்களில் ஒருவர்கூட, போர்டு விழித்துக்கொண்டிருக்கும்போது பட்டனில் விரல் வைத்ததில்லை. குடியிருப்பிலோ பச்சை விளக்கு வரும் வரை பட்டனை விட்டு விரலை எடுத்தவர்களே இல்லை. வேம்புலி மாடி ஏறி சுவிட்சைப் போடும் நேரத்தில் எல்லோரும் அலுத்துப்போய்ப் படி இறங்கியிருப்பார்கள்; அக்காவும் லிப்ட் ஓடும் சத்தம் கேட்கும் வரை வீட்டு வாசலிலேயே இருப்பார். அமுக்க ஆள் இருக்காது, அதனால் ஓடும்.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் லேப்டாப்பைத் திறந்தேன். மாடிப் பட்டன்களைக் கவனிக்கும் கார்டை இயக்குகிற டிரைவர் மென்பொருளில் வேலைகள் இந்த வரிசையில் நடந்தன. முதலில் கார்டுக்கு மின்சாரம். அடுத்து, 'யாராவது பட்டனை அமுக்கினால் உடனே என்னைக் கூப்பிடு' என்ற இன்டரப்ட் பதிவு. பிறகு அந்த நாலு 'கொஞ்சம் பொறு'. அதற்குப் பிறகுதான் கட்டடத்தில் எத்தனை மாடி என்று கார்டிடம் கேட்பது. கடைசியாக, வருகிற அழைப்புகளை வைத்துக்கொள்ள அத்தனை மாடிக்கும் மெமரியில் இடம் ஒதுக்குவது.

இலை போட்டு ஆட்களை உட்கார வைத்துவிட்டு, அப்புறம் உலை வைப்பதற்குச் சமம் இது. நடுவில் ஒருவர் சோறு கேட்டால் என்ன செய்வது? பட்டன் அமுக்கப்பட்டதும் அழைப்பு வருகிறது, வைக்க இடம் இல்லை, இல்லாத இடத்தில் கர்னல் கையை விட்டு அங்கேயே விழுகிறது. இதற்கு மருந்தென்று ஏற்றிய டிலே ஒவ்வொன்றும் அந்த ஆபத்தான இடைவெளியை இன்னும் நீட்டியிருக்கிறது. ஆளாளுக்கு மருந்து கொடுத்து வியாதியை வளர்த்திருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

பதிவு செய்யும் வரிகளை எடுத்து ஆகக் கடைசியில் வைத்தேன். அணைக்கும்போது நடக்கும் வேலைகளையும் பார்த்தேன். அங்கேயும் மெமரியை முதலில் விட்டுவிட்டு, அதற்குப் பிறகு அழைப்பை நிறுத்திக்கொண்டிருந்தது. அதைத் தலைகீழாக்கினேன். கடைசியில் வாங்கியதை முதலில் திருப்பிக் கொடுக்க வேண்டும். மொத்தத்தில் புதிதாக ஒரு வரிகூட எழுதவில்லை. இருந்த வரிகள் இடம் மாறின, அவ்வளவுதான்.

மறுநாள் கஜபதியைச் சோதனை மேஜைக்கு இழுத்து வந்தேன். முதலில் பழைய கோடைப் போட்டேன்.

"ஆன் பண்றேன் சார். நீங்க இந்த பட்டனை அமுக்கிக்கிட்டே இருங்க."

"பச்சை எரியலையே?"

"அதனாலதான் சார் அமுக்கச் சொல்றேன்."

"ரூல் இருக்குல்ல எழில்?"

"ஒரு தடவை சார். ஒரே ஒரு தடவை."

அடுப்பைத் தொடுகிற மாதிரி விரலை நீட்டி, எடுத்து, மறுபடி நீட்டி, அமுக்கினார். திரை உறைந்தது. நான் வெற்றியோடு அவர் முகத்தைப் பார்த்தேன்.

"பாத்தியா?" என்றார் கஜபதி. "இதுக்குத்தான் அமுக்கக் கூடாதுங்கறது. இது கஸ்டமர் தப்பா யூஸ் பண்றது. நம்ம பிரச்சினை இல்லை."

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். இங்கே ஆட்டக்காரரையே கூட்டி வந்து, கூடம் நேராகத்தான் இருக்கிறது என்று அளந்து காட்டியும் பயனில்லை. புதிய கோடைப் போட்டு அவரையே அமுக்கச் சொன்னேன். போர்டு எழுந்தது, பச்சை எரிந்தது, அவர் அமுக்கிய அழைப்பும் திரையில் வந்து நின்றது. கஜபதி மோவாயைத் தடவினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது தசரதன் சார் எழுதின கோடு. வேலை செய்யற கோடைத் தொடக் கூடாது."

"வேலை செய்யலையே சார்!"

தசரதன் கம்பெனியின் முதல் இஞ்சினியர். விலகி வெகு நாளாகிறது. நம்பர் தேடிப் பிடித்து நானே பேசினேன். மனிதர் ஒரு நிமிடத்தில் புரிந்துகொண்டார். "நான் எழுதினப்ப ரெண்டே மாடிம்மா. இடத்தை முன்னாடியே எடுத்து வச்சிருப்பேன். மாடி எண்ணிக்கையைக் கேட்டு இடம் எடுக்கற வேலையை யாரோ பின்னாடி தள்ளிட்டாங்க. நீ மாத்தினதுதான் சரி. தாராளமா போடு."

சாமி வரம் கொடுத்துவிட்டது. பூசாரி கொடுக்க வேண்டாமா? கஜபதிக்கு, கோடு மாற்றங்களுக்கு ஒப்புதல் தரும் குழு கூடியாக வேண்டும், அதில் மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். மூவரில் ஒருவர் ஓசூரில், ஒருவர் காய்ச்சலில். மூன்றாமவர் கஜபதியேதான். அவர் வியாழக்கிழமை மைத்துனர் கல்யாணத்துக்குத் திருத்தணி போய்விட்டார். "சனிக்கிழமை வந்து முதல் வேலை அதான்" என்று வாட்ஸப்பில் கும்பிடு போட்டார். அதுவரைக்கும் ஒரு தற்காலிக ஏற்பாடும் செய்திருந்தார். சிவப்பு எழுத்தில் ஒரு ஸ்டிக்கர், மாடிக்கு ஒன்று: 'மின்சாரம் வந்ததும் பச்சை விளக்கு எரியும் வரை பட்டனை அமுக்காதீர்கள்.'

எங்கள் ஆபீஸ் பலகையையே ஊருக்கு மாட்டிவிட்டார்கள். அதை ஒட்டிய பாவமும் என் தலையில்தான் விழுந்தது. தட்சிணாமூர்த்தி ஒரே நாளில் கட்சி மாறி ஸ்டிக்கருக்குக் காவல் நின்றார். யாராவது விரலை நீட்டினால் அதட்டினார். ஆனால் கூரியர்காரருக்கும் விருந்தாளிக்கும் யார் போய்ச் சொல்வது? ஒருவர் அமுக்கினால் போதும். அந்த வாரமும் லிப்ட் நின்றது. அக்காவுக்குப் போன் செய்து கேட்டபோதெல்லாம், "சமாளிச்சுக்கினு கீறேன். நீ வேலையப் பாரு" என்று மட்டும் சொன்னார். நானும் நம்பினேன்.

சனிக்கிழமை கையெழுத்து விழுந்தது. அதுவும் முழுசாக அல்ல. 'ஊழியர் வசிக்கும் இடத்தில் சோதனை முயற்சி. ஏதாவது ஆனால் பொறுப்பு எழிலரசி.' போட்டுத் தொலையுங்கள் என்று வாங்கிக்கொண்டேன். ஞாயிறு மதியம் வேம்புலியோடு மொட்டை மாடிக்குப் போய்ப் புதிய கோடை ஏற்றினேன். வேண்டுமென்றே கரண்ட்டை அணைத்துப் போட்டு நானே அமுக்கிப் பார்த்தேன். ஓடியது. ஆனாலும் நான் அமுக்குவது வேறு, ஊர் அமுக்குவது வேறு.

திங்கள் காலை நல்ல மழை. எல்லோரும் கிளம்பும் நேரத்தில் கரண்ட் போனது. நான் கீழ்த்தளத்துக்கு ஓடினேன். கறிகாய்ப் பையும் ஈரக் குடையுமாக ஒரு கூட்டமே நின்றிருந்தது. எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பட்டனுக்கு முன்னால் தட்சிணாமூர்த்தி.

"யாரும் தொடாதீங்க! பச்சை எரியட்டும்!"

"தொடுங்க சார்! இப்பத் தொடணும்!" என்று கத்தினேன்.

"அதெப்படிம்மா? ஸ்டிக்கர் உங்க கம்பெனிதானே கொடுத்தது?"

"அது போன வாரம் சார். இப்ப மாத்தியாச்சு, அமுக்குங்க!"

"எழுத்துல கொடுங்க" என்றார் அவர். ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. கூட்டத்தில் ஒருவரும் விரலை நீட்டவில்லை. இத்தனை நாள் இருட்டில்கூட விடாமல் அமுக்கியவர்கள், எனக்கு வேண்டிய நாளில் ஒழுக்கத்தின் சிகரமாக நின்றார்கள். தலையில் அடித்துக்கொண்டு ஷாகிதாக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, பட்டனை அமுக்குங்க! நிறுத்தாம அமுக்குங்க!"

"கரண்ட்டு போன செகண்டுலேந்து அமுக்கிக்கினேதான் கீறேன்" என்றார் அக்கா. "கட்ட வெரலு மரத்துப் போச்சி. உன் ஸ்டிக்கரை எவ மதிச்சா?"

நான் பேசி முடிப்பதற்குள் பச்சை எரிந்தது. லிப்ட் தானாகக் கதவை மூடிக்கொண்டு மேலே கிளம்பியது. இரண்டு, மூன்று, நான்கு என்று எண்கள் மாறின. ஐந்தில் நின்று, கீழே இறங்க ஆரம்பித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. கதவு திறந்தது. மடியில் பையும் மழைக் கோட்டுமாக ஷாகிதாக்கா நாற்காலியை உருட்டிக்கொண்டு வெளியே வந்தார். கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள்.

நான் ஸ்கூட்டர் வரைக்கும் கூடவே போனேன். "மணி இன்னும் ஆகலைக்கா. டென்த்துக்கு கரெக்டா போயிடலாம்."

அக்கா பையை முன்னால் மாட்டினார். "டென்த்து போயிட்ச்சு எழிலு. வெள்ளிக்கெழமையே வேற டீச்சருக்குக் குடுத்துட்டாங்க. நான் போய் சேர்றதுக்குள்ள அந்தம்மா போர்டுல கணக்கு போட்டுக்கினு இருந்துச்சி. எனக்கு ஆறாவது."

வெள்ளிக்கிழமை. கஜபதி திருத்தணியில் பந்தியில் உட்கார்ந்திருந்த நாள். என் மேஜையில் அந்த வரிகள் சரியான இடத்தில், சரியான வரிசையில், ஒரு கையெழுத்துக்காகச் சும்மா கிடந்த நாள். கோபத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா இன்னா பண்ணியிருப்ப? அவசரத்துல எதையாச்சும் மாத்தி வச்சிருப்ப. நான் மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல தொங்கிக்கினு இருப்பேன்." கைகளை ஊன்றி ஸ்கூட்டருக்கு மாறி உட்கார்ந்தார். "அத்த உடு. நாளைக்குக் கரண்ட்டு போனா இது ஓடுமா?"

"ஓடும்க்கா."

"நாளான்னிக்கு?"

"ஓடும்."

"யாரு எப்புடி அமுக்கினாலும்?"

"எப்படி அமுக்கினாலும் ஓடும்க்கா."

"அது போதும்." மழைக் கோட்டின் பித்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார். "டென்த்த நான் திருப்பிக் கேக்கப் போறேன். ஆனா இன்னிக்கு இல்ல. லேட்டா வர்றவ போயி சண்ட போட்டா எவன் காதுல ஏறும்? மொதல்ல தெனம் பெல்லுக்கு முன்னாடி போயி நிக்கணும். அதுக்கப்பறந்தான் வாயத் தொறக்கணும். எல்லாத்துக்கும் ஒரு வரிச கீதுல்ல?"

ஸ்கூட்டர் மழைக்குள் போய், பூந்தமல்லி சாலைப் பக்கம் திரும்பியது. நான் திரும்பி வந்தபோது தட்சிணாமூர்த்தி இன்னும் ஸ்டிக்கருக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். நகத்தால் ஓரத்தைச் சுரண்டி அதைக் கிழித்தேன். பாதி வந்தது, பாதி சுவரிலேயே ஒட்டிக்கொண்டது. பிறகு லிப்டில் ஏறி, ஒவ்வொரு மாடியாக நிறுத்தி, மிச்சத்தையும் கிழித்துக்கொண்டே ஐந்தாவது மாடி வரைக்கும் போனேன்.